கொழுப்பு என்னும் குதிர்

கொழுப்பு. இந்தச் சொல்லை உரக்கப் படியுங்கள்.

இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? நெய் நினைவு வரலாம். ஆட்டுக்கறி நினைவு வரலாம். "கொழுப்பைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொன்னது நினைவு வரலாம். யாராவது திமிராகப் பேசினால், "உனக்குக் கொழுப்பு ஏறிப் போச்சு" என்று திட்டுகிறோம். கொழுப்பு என்றாலே கெட்டது என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

அது சரியா? உடம்பில் கொழுப்பே இல்லாமல் போனால் நல்லதா?

உலகத்தில் சிலர் அப்படிப் பிறக்கிறார்கள். அவர்களுக்கு என்ன ஆகிறது? அவர்களுக்கு என்ன மருந்து கிடைத்தது? அது எப்படிக் கிடைத்தது? இந்தப் பாடத்தில் படிப்போம்.

1. கொழுப்பு எதற்கு?

அறுவடை முடிகிறது. நெல் வீட்டுக்கு வருகிறது. அத்தனை நெல்லையும் அன்றைக்கே சோறாக்கித் தின்கிறோமா? இல்லை. குதிரில் கொட்டி வைக்கிறோம். வேலை இல்லாத மாதத்தில் அதை எடுத்துக் குத்திச் சாப்பிடுகிறோம்.

நம் உடம்பும் அப்படித்தான் செய்கிறது. நாம் சாப்பிடுகிறோம். அன்றைய வேலைக்கு வேண்டியதை உடம்பு எடுத்துக்கொள்கிறது. மிஞ்சியதைக் கொழுப்பாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. பட்டினி கிடக்கும்போது அதைக் கரைத்துச் செலவு செய்கிறது.

எங்கே சேர்த்து வைக்கிறது? தோலுக்கு அடியில் மெத்தென்று ஒரு படலம் இருக்கிறது. உங்கள் மேல் கையின் பின்புறத்தை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். மடிப்பாக வருகிறதே, அதில் தோலோடு கொழுப்பும் இருக்கிறது. வயிற்றுக்கு உள்ளேயும் கொழுப்பு உண்டு. இதற்குக் கொழுப்புத் திசு என்று பெயர். இதில் கோடிக்கணக்கான உயிரணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குதிர்.

ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி சக்தி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். குறைந்த இடத்தில் நிறையச் சக்தியைச் சேர்க்கக் கொழுப்புதான் ஏற்றது. அதனால்தான் உடம்பு கொழுப்பாகச் சேர்த்து வைக்கிறது.

2. குதிர் இல்லாத வீடு

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். நெல் வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. ஆனால் அந்த வீட்டில் குதிர் இல்லை. பத்தாயமும் இல்லை. நெல்லை எங்கே கொட்டுவார்கள்? திண்ணையில் கொட்டுவார்கள். அடுப்படியில் கொட்டுவார்கள். நடக்கிற வழியெல்லாம் நெல் கிடக்கும். சமைக்க இடம் இருக்காது. ஈரம் பட்டு நெல் அழுகும். அந்த வீட்டுக்கு விளைச்சலே தொல்லையாகிவிடும்.

கொழுப்புத் திசு இல்லாத உடம்பிலும் இதுதான் நடக்கிறது. சாப்பாட்டில் மிஞ்சுவதைச் சேர்க்க இடம் இல்லை. அதனால் அந்தக் கொழுப்பு கல்லீரலில் போய்த் தங்குகிறது. கல்லீரல் வீங்குகிறது. சதையிலும் கொழுப்பு படிகிறது. ரத்தத்திலும் மிதக்கிறது.

ரத்தத்தில் மிதக்கும் கொழுப்பு ஒன்றின் பெயர் ட்ரைகிளிசரைடு. 100 மில்லி ரத்தத்தில் இது 150 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். இவர்களில் சிலருக்கு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அந்த ரத்தத்தைக் குழாயில் தெளிய வைத்தால், மேலே நிற்கும் நீர் பால் போல வெளுத்திருக்கும். இவ்வளவு ஏறினால் கணையம் திடீரென்று வீங்கலாம். தாங்க முடியாத வயிற்று வலி வரும். உயிருக்கே ஆபத்து ஆகலாம்.

கல்லீரலிலும் சதையிலும் கொழுப்பு அடைத்துக்கொண்டால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. ரத்தத்தில் சர்க்கரை ஏறும். நீரிழிவு வரும். இவர்களில் சிலருக்கு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான யூனிட் இன்சுலின் போட்டாலும் சர்க்கரை இறங்காது.

உடம்பில் கொழுப்பு இல்லாதவருக்குக் கல்லீரலில் கொழுப்பு. ஒல்லியானவருக்குச் சர்க்கரை நோய். கேட்க வியப்பாக இருக்கிறது இல்லையா? குதிர் இல்லாத வீட்டை நினைத்துக்கொண்டால் இது புரிந்துவிடும்.

3. இந்த நோயின் அடையாளங்கள்

இந்த நோய்க்கு லிப்போடிஸ்ட்ரோபி என்று பெயர். கொழுப்புத் திசு குறைந்து போவது, அல்லது இல்லாமலே போவது என்று பொருள். பிறவியிலேயே உடம்பு முழுதும் கொழுப்பு இல்லாமல் இருக்கும் வகையைப் பிரேசில் நாட்டு மருத்துவர் பெரார்டினெல்லி 1954-இல் எழுதி வைத்தார். நார்வே நாட்டு மருத்துவர் சைப் 1959-இல் எழுதினார். இது மிக அரிய நோய். பத்து லட்சம் பேரைப் பார்த்தால் ஒரு சிலருக்கு மட்டும் இருக்கலாம்.

பிறவியிலேயே இந்த நோய் உள்ள குழந்தையின் கன்னம் ஒட்டியிருக்கும். கை காலில் நரம்பு புடைத்துத் தெரியும். சதை பயில்வானுக்கு இருப்பது போல முறுக்கேறித் தெரியும். கல்லீரல் வீங்கியிருப்பதால் வயிறு முன்னே தள்ளியிருக்கும். தொப்புள் பிதுங்கியிருக்கலாம். கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணி போல இருக்கும். பெண் குழந்தை வளர்ந்த பிறகு மாதவிலக்கு ஒழுங்காக வராமல் போகலாம். வளரும் வயதிலேயே நீரிழிவு வரலாம்.

இன்னொரு முக்கியமான அடையாளம் பசி. இந்தக் குழந்தைக்குப் பசி அடங்குவதே இல்லை. சாப்பிட்டுக் கை கழுவியதும் மறுபடி பசிக்கும். வீட்டில் இருப்பவர்கள், "எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டவில்லையே, இது என்ன பேய்ப் பசி!" என்பார்கள். மற்றப் பிள்ளைகள் தீனிப் பண்டாரம் என்று கேலி செய்வார்கள். சிலர் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள்.

அந்தக் குழந்தை செய்த தவறு ஒன்றும் இல்லை. பேயும் இல்லை. பூதமும் இல்லை. பசி அடங்காததற்கு உடம்பில் ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உதவியது ஓர் எலி.

4. குண்டு எலியின் கதை

அமெரிக்காவில் மெய்ன் என்று ஒரு மாநிலம். அங்கே பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே சோதனைக்காக எலிகளை வளர்க்கிறார்கள். 1949-இல் அங்கே ஒரு விசித்திரமான எலியைப் பார்த்தார்கள். அது ஓயாமல் தின்றது. மற்ற எலிகளைப் போல மூன்று மடங்கு பருத்தது. அதே குறை உள்ள எலிகள் அந்த வம்சத்தில் தொடர்ந்து பிறந்தன.

அந்த ஆய்வுக்கூடத்தில் டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி வேலை செய்தார். அவர் ஒரு சோதனை செய்தார். குண்டு எலியையும் சாதாரண எலியையும் அருகருகே வைத்துத் தைத்தார். ஒன்றின் ரத்தம் மற்றதிலும் ஓடியது. சில நாளில் குண்டு எலி தின்பதைக் குறைத்தது. இளைத்தது.

கோல்மன் யோசித்தார். சாதாரண எலியின் ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது "போதும், நிறுத்து" என்று சொல்கிறது. குண்டு எலியிடம் அந்த ஒன்று இல்லை. 1973-இல் அவர் இந்த முடிவை வெளியிட்டார். ஆனால் அந்த ஒன்று எது என்று அவருக்குத் தெரியவில்லை.

நியூயார்க் நகரில் ராக்பெல்லர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜெஃப்ரி ஃபிரீட்மன் என்ற விஞ்ஞானி பல ஆண்டுகள் தேடினார். 1994-இல் அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் அதைக் கண்டுபிடித்தார்கள். அது ஒரு ஹார்மோன். அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் லெப்டோஸ் என்றால் ஒல்லி என்று பொருள். 2010-இல் கோல்மனுக்கும் ஃபிரீட்மனுக்கும் லாஸ்கர் பரிசு கொடுத்தார்கள்.

ஹார்மோன் என்றால் என்ன? உடம்பின் ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் போய், இன்னோர் இடத்துக்குச் செய்தி சொல்லும் பொருள்தான் ஹார்மோன். இன்சுலினும் ஒரு ஹார்மோன்தான். அது கணையத்தில் சுரக்கிறது.

லெப்டின் எங்கே சுரக்கிறது? கொழுப்புத் திசுவில். இதுதான் எல்லாரையும் வியக்க வைத்த செய்தி. கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை. அது மூளைக்குத் தூது அனுப்புகிறது. "குதிரில் நெல் இருக்கிறது. பயம் வேண்டாம். போதும், எழுந்திரு" என்று சொல்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். "குதிர் காலியாகிறது" என்று மூளைக்குத் தெரியும். பசி எடுக்கும்.

இப்போது அந்தக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். உடம்பில் கொழுப்புத் திசு இல்லை. அதனால் லெப்டினும் இல்லை. தூது போகவில்லை. கல்லீரலில் கொழுப்பு நிறைந்து வழிகிறது. ஆனால் மூளை, "நான் பட்டினி கிடக்கிறேன்" என்றே நினைக்கிறது. அதனால்தான் பசி அடங்கவில்லை. குழந்தை மேலும் சாப்பிடுகிறது. அந்தச் சாப்பாடும் கல்லீரலுக்கும் ரத்தத்துக்கும்தான் போகிறது. நோய் முற்றுகிறது.

5. ஒருவருக்குத் தேடினார்கள், இன்னொருவருக்குக் கிடைத்தது

லெப்டினைக் கண்டுபிடித்ததும் மருந்துக் கம்பெனிகள் என்ன நினைத்தன? "குண்டானவர்களுக்கு இதைக் கொடுத்தால் இளைப்பார்கள்" என்று நினைத்தன. பெரும் பணம் போட்டன. சோதித்துப் பார்த்தார்கள். 1999-இல் முடிவு வெளிவந்தது. குண்டானவர்கள் பெரிதாக இளைக்கவில்லை.

காரணம் என்ன? குண்டானவர்களின் உடம்பில் கொழுப்பு நிறைய இருக்கிறது. அதனால் லெப்டினும் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. ஆனால் மூளை அதைச் சரியாகக் கவனிப்பதில்லை. ஆலைச் சங்கு நாள் முழுதும் ஊதிக்கொண்டே இருந்தால் யார் கவனிப்பார்கள்? இன்னும் உரக்க ஊதினாலும் பயன் இல்லை. அப்படித்தான் இதுவும்.

லெப்டின் நிறைய உள்ளவருக்கு அதனால் பெரிய பயன் இல்லை. லெப்டினே இல்லாதவருக்கு? சிலர் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள்.

அமெரிக்காவில் டல்லஸ் நகரில் மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இருந்தார்கள். 1985-இல் நோபல் பரிசு பெற்றவர்கள். அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் கொழுப்புத் திசு குறைந்த எலிகள் இருந்தன. அவற்றுக்கு நீரிழிவு இருந்தது. கல்லீரலில் கொழுப்பு இருந்தது. அவற்றுக்கு லெப்டின் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது. கல்லீரல் கொழுப்பு குறைந்தது. வேறு சில எலிகளுக்கு லெப்டின் கொடுக்காமல் தீனியை மட்டும் குறைத்துப் பார்த்தார்கள். அதே குணம் கிடைக்கவில்லை. ஆக, லெப்டின் பசியை மட்டும் அடக்கவில்லை. உடம்புக்குள் சர்க்கரையையும் கொழுப்பையும் ஒழுங்கு செய்கிறது. இது 1999-இல் வெளியானது.

6. ஒன்பது பெண்கள்

அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதாரக் கழகத்தில் மருத்துவர் எலிஃப் ஓரலும் மற்றவர்களும் இதைச் செய்தார்கள். டல்லஸில் வேலை செய்யும் மருத்துவர் அபிமன்யு கார்கும் இதில் பங்கு பெற்றார். அவர் இந்தியாவில் மருத்துவம் படித்தவர்.

லிப்போடிஸ்ட்ரோபி உள்ள ஒன்பது பெண்கள் இதில் சேர்ந்தார்கள். எட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்தது. தினமும் இரண்டு முறை லெப்டின் ஊசி போட்டார்கள். நான்கு மாதம் பார்த்தார்கள். 2002-இல் முடிவை வெளியிட்டார்கள்.

என்ன ஆயிற்று?

ட்ரைகிளிசரைடு சராசரியாக 60 சதவீதம் இறங்கியது.

மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சராசரியாக 1.9 புள்ளி குறைந்தது.

வீங்கிய கல்லீரல் சராசரியாக 28 சதவீதம் சுருங்கியது.

பசி குறைந்தது. சாப்பாட்டின் அளவு குறைந்தது. நீரிழிவுக்குப் போட்ட மருந்தைச் சிலர் மிகவும் குறைத்தார்கள். சிலர் நிறுத்தியே விட்டார்கள்.

நிறையச் சாப்பிட்டதுதான் நோய்க்குக் காரணம் என்று பழி கேட்டவர்களுக்கு இது பெரிய விடுதலை. "போதும்" என்று இலையை விட்டு எழுந்திருப்பது நமக்குச் சாதாரணம். இவர்களுக்கு அந்த நிறைவை ஓர் ஊசி கொடுத்தது.

7. மருந்து எப்படிப்பட்டது?

இந்த மருந்தின் பெயர் மெட்ரெலெப்டின். மனித லெப்டினைப் போலவே செய்யப்பட்டது. பாக்டீரியாக் கிருமிக்குள் மனித லெப்டினுக்கான மரபணுவை வைத்து இதைத் தயாரிக்கிறார்கள். இன்சுலினையும் இந்த முறையில் தயாரிப்பது உண்டு.

மருந்து பொடியாக வரும். குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். நீரில் கரைத்து, தினமும் ஒரு முறை தோலுக்கு அடியில் ஊசியாகப் போட வேண்டும். மாத்திரையாகக் கொடுக்க முடியாது. லெப்டின் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால் மற்றப் புரதத்தைப் போல செரித்துவிடும்.

ஜப்பான் 2013-இல் இந்த மருந்துக்கு அனுமதி தந்தது. அமெரிக்கா 2014-இல் அனுமதி தந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் அனுமதி தந்தது.

இந்த மருந்து என்ன செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இது கொழுப்புத் திசுவை மறுபடி வளர்க்காது. ஒட்டிய கன்னம் உப்பாது. குதிர் திரும்பி வருவதில்லை. தூது மட்டும் திரும்பி வருகிறது. ஊசியை நிறுத்தினால் தொல்லையும் திரும்பி வரும்.

ஆபத்துகளும் உண்டு. ஏற்கெனவே இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். அதனால் டாக்டர் இன்சுலின் அளவைக் குறைப்பார். சிலருடைய உடம்பு இந்த மருந்தை எதிர்க்கும் பொருளை உண்டாக்கும். அப்போது மருந்து வேலை செய்யாமல் போகலாம். லிம்போமா என்ற புற்றுநோய் சிலருக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் இதற்கென்று பயிற்சி பெற்றுப் பதிவு செய்த டாக்டர்கள்தான் இந்த மருந்தை எழுதலாம். மருந்தைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. கணையம் வீங்கலாம். டாக்டர் சொன்னபடி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

இன்னொரு தடை, விலை. நோயாளிகள் குறைவு. மருந்தின் விலையோ மிக மிக அதிகம். சாதாரணக் குடும்பத்தால் வாங்க முடியாது. கண்டுபிடித்த மருந்து எல்லார் கைக்கும் எட்ட வேண்டும். அது இன்னும் நடக்கவில்லை.

8. ஊசி கிடைக்காவிட்டால்?

ஊசி இல்லை என்றால் வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஊசி போடுகிறவர்களும் இவற்றைச் செய்யத்தான் வேண்டும்.

சாப்பாட்டில் எண்ணெய், நெய், டால்டா, பொரித்த பண்டம் ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். சர்க்கரையும் வெல்லமும் குறைய வேண்டும். காய்கறியும் பருப்பும் முழுத் தானியமும் சேர்க்கலாம். வளரும் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. எவ்வளவு கொடுப்பது என்று டாக்டரைக் கேட்க வேண்டும்.

நடக்க வேண்டும். விளையாட வேண்டும். உழைத்தால் கொழுப்பு செலவாகும். இதயக் கோளாறு உண்டா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சாராயம், கள், பிராந்தி எதுவும் கூடாது. அவை ட்ரைகிளிசரைடை ஏற்றும். கல்லீரலையும் கெடுக்கும்.

ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ட்ரைகிளிசரைடை ஏற்றலாம். இந்த நோய் உள்ள பெண்கள் வேறு முறையை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, கல்லீரல், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றைத் தவறாமல் சோதிக்க வேண்டும். நீரிழிவுக்கான மாத்திரையும் இன்சுலினும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கின்றன.

9. படிப்பு மையத்தில் நர்சம்மா

ஒரு படிப்பு மையம். பாடம் படித்து முடிந்தது. நர்சம்மா வந்திருக்கிறார். எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள்.

பாட்டி: ஏம்மா, என் பேத்தி குச்சி மாதிரி இருக்கா. அவளுக்கும் இந்த நோய்தானா?

நர்சம்மா: பயப்படாதீங்க பாட்டி. ஒல்லியா இருக்கிறவங்களுக்கெல்லாம் இந்த நோய் கிடையாது. சாப்பாடு போதாம இருக்கலாம். வயித்துல பூச்சி இருக்கலாம். காசநோய் இருக்கலாம். சர்க்கரை நோய் இருக்கலாம். அதுலெல்லாம் சதையும் சேர்ந்து வத்திப் போகும். இந்த நோயில சதை நல்லா இருக்கும், கொழுப்பு மட்டும் இருக்காது. எதுவா இருந்தாலும் நாளைக்குப் பேத்தியைக் கூட்டிட்டு வாங்க. எடை பார்க்கலாம்.

இளைஞர்: அக்கா, எனக்குத் தொந்தி போட்டிருச்சு. இந்த ஊசி போட்டா இளைக்குமா?

நர்சம்மா: இளைக்காது தம்பி. உனக்கு லெப்டின் ஏற்கெனவே இருக்கு. இல்லாதவங்களுக்குத்தான் இது மருந்து. நீ போண்டாவைக் குறைச்சுக்கிட்டு சைக்கிள் மிதி.

மருமகள்: அக்கா, இந்த நோய் எப்படி வருது? தொத்திக்குமா?

நர்சம்மா: தொத்தாதும்மா. பிறவியிலேயே வர்ற வகைக்குக் காரணம் மரபணுவில இருக்கிற குறை. அப்பாகிட்ட ஒரு குறையுள்ள மரபணு, அம்மாகிட்ட ஒண்ணு. ரெண்டு பேருமே நல்லாத்தான் இருப்பாங்க. ரெண்டும் ஒரே குழந்தைக்கு வந்து சேர்ந்தா நோய் வரும். ஒவ்வொரு பிரசவத்திலயும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. நெருங்கின சொந்தத்துல கல்யாணம் பண்ணினா ஒரே குறை ரெண்டு பேர்கிட்டயும் இருக்கிற வாய்ப்பு கூடும். நம்ம பக்கம் அத்தை மகன், மாமன் மகள்னு கட்டிக் கொடுக்கிறோம் இல்லையா? அதை யோசிக்கணும்.

பாட்டி: அப்போ குழந்தை அப்படிப் பிறந்தா, அதுக்குப் பெத்தவள்தான் காரணமா?

நர்சம்மா: அவளை மட்டும் ஏன் சொல்றீங்க பாட்டி? அப்பாகிட்ட இருந்தும் ஒரு பங்கு வந்திருக்கு. யாரும் தெரிஞ்சு கொடுக்கிறது இல்லை. யாரையும் பழி சொல்லக் கூடாது. வேற வகையும் உண்டு. சில பேருக்கு வயசுக்கு வந்த பிறகு கை காலில மட்டும் கொழுப்பு கரையும். முகத்திலயும் கழுத்திலயும் சேரும். அதுல அப்பா, அம்மா யாராவது ஒருத்தர்கிட்ட குறை இருந்தாலே போதும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. நல்லா இருந்தவங்களுக்கு நடுவில வர்றதும் உண்டு.

பெரியவர்: எச்.ஐ.வி. மருந்து சாப்பிட்ட என் நண்பர் ஒருத்தருக்குக் கன்னம் ஒட்டிப் போச்சே, அது?

நர்சம்மா: நல்ல கேள்வி ஐயா. 2004 ஏப்ரலில இருந்து அரசாங்கம் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாக் கொடுக்குது. அப்போ கொடுத்ததுல ஸ்டாவுடின்னு ஒண்ணு இருந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாத்தினது. ஆனா நீண்ட நாள் சாப்பிட்டவங்களில பலருக்குக் கன்னத்திலயும் கை காலிலயும் கொழுப்பைக் கரைச்சிடுச்சு. 2009-ல் உலக சுகாதார நிறுவனம் அதை விட்டுட்டு வேற மருந்துக்கு மாறச் சொல்லிச்சு. நம்ம நாட்டிலயும் மாத்திட்டாங்க. அவங்களுக்கு இந்த லெப்டின் ஊசி எழுதுறது இல்லை. கொழுப்பு கரையுதுன்னு பயந்து யாரும் கூட்டு மருந்தைத் தானா நிறுத்தக் கூடாது. டாக்டர்கிட்ட சொல்லணும்.

10. நினைவில் வைப்போம்

அளவான கொழுப்பு உடம்புக்குத் தேவை. அது சக்தியைச் சேர்க்கும் குதிர். மூளைக்குத் தூது அனுப்பும் இடமும் அதுதான்.

குதிர் இல்லாவிட்டால் கொழுப்பு கல்லீரலிலும் ரத்தத்திலும் சேரும். நீரிழிவு வரும்.

ஒல்லியானவருக்கும் சர்க்கரை நோய் வரும். "நான் ஒல்லி, எனக்கு வராது" என்று இருந்துவிடக் கூடாது.

இல்லாத லெப்டினை ஊசியாகக் கொடுத்தால் பசியும் சர்க்கரையும் கொழுப்பும் கட்டுக்குள் வரும். லெப்டின் உள்ளவர் அதைப் போட்டுக்கொள்வதில் பயன் இல்லை.

அடங்காத பசி உள்ள குழந்தையைத் திட்டக் கூடாது. கழுத்து கறுத்து, கன்னம் ஒட்டி, வயிறு வீங்கி இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

சொல்லும் பொருளும்

திசு - ஒரே வகை உயிரணுக்கள் சேர்ந்த பகுதி

ஹார்மோன் - ரத்தத்தில் போய்ச் செய்தி சொல்லும் பொருள்

கணையம் - வயிற்றுக்குள் இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு

மரபணு - பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் உடம்புக் குறிப்பு

பதில் எழுதுங்கள்

1. உடம்பு கொழுப்பை எதற்காகச் சேர்த்து வைக்கிறது?

2. லெப்டின் எங்கே சுரக்கிறது? அது மூளைக்கு என்ன சொல்கிறது?

3. கோல்மன் இரண்டு எலிகளைச் சேர்த்துத் தைத்தது ஏன்?

4. குண்டானவர்களுக்கு லெப்டின் ஊசியால் பெரிய பயன் இல்லை. ஏன்?

5. 2002-இல் வெளியான சோதனையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? அவர்களுக்கு என்ன மாற்றம் ஏற்பட்டது?

கூடிப் பேசுங்கள்

அரிய நோய்க்கு மருந்து இருக்கிறது. ஆனால் ஏழைக்கு எட்டாத விலையில் இருக்கிறது. இதற்கு யார் என்ன செய்யலாம்?

உங்கள் ஊரில் ஒரு குழந்தையை உடம்பை வைத்தோ, பசியை வைத்தோ கேலி செய்கிறார்களா? அந்தக் குழந்தைக்காக நீங்கள் என்ன செய்வீர்கள்?